ராகு காலத்தில் இரண்டு கார்கள்

சரி, உட்கார்ந்தாச்சு. இனி ஆறு மணிக்கு முன்னால் ராகு நகரப் போவதில்லை, ராகு நகராமல் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் நகரப் போவதில்லை, அவர்கள் நகராமல் இந்த வெள்ளைக் கார் நகரக் கூடாது, கார் நகராமல் சிகாமணி எங்கே நகர்வது. ஓட்டுகிற சீட்டைப் பின்னுக்குத் தள்ளிக் காலை நீட்டிக்கொண்டார். முட்டி ஒருமுறை சொடுக்கென்றது. கண்ணாடிக்கு வெளியே மேடவாக்கத்தின் ஒரு முட்டுச்சந்து, ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம், மாடிகளில் காய்ந்தும் காயாத துணி, யார் வீட்டிலோ மீன் வறுக்கிற வாசனை. வானம் இன்னும் வெளிச்சமாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும், இப்படியே இருக்கட்டும், ஆனால் கார்த்திகை மாசத்துச் சூரியனை நம்ப முடியாது, ஆபீஸ் பஸ்ஸுக்கு ஓடுகிறவன் மாதிரி சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடும். அதற்குள் வண்டலூர் தாண்டி, லீஸ் கார்களைத் திருப்பி விடுகிற யார்டுக்குப் போயிருக்க வேண்டும். மூன்று மணிக்கே கிளம்பியிருக்க வேண்டும். சாவி சட்டைப் பையில்தானே இருந்தது, நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பியாச்சு, டயரைப் பார்த்தாச்சு, டாஷ்போர்டில் பிள்ளையாரை நிறுத்த ஆணி அடித்த ஓட்டையைப் பார்த்தாச்சு, அதற்கென்று தனியாகக் கட்டணும்மா என்றும் சொல்லியாச்சு, கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தாச்சு, அப்போதுதான் அந்தப் பெண் வான்மதி வந்து நின்றாள். தலை நிறையப் பூ, முகத்துக்குப் பாதி பவுடர், ஒரு காதில் மட்டும் ஜிமிக்கி. "சார், ஒரு மணி நேரம் சார். நாலு மணிக்கு என்னைப் பாக்க வர்றாங்க. பாத்துட்டு, கேசரி சாப்ட்டுட்டுப் போயிடுவாங்க. அதுவரைக்கும் வண்டி வாசல்ல நிக்கட்டும் சார், ப்ளீஸ்." பின்னாலேயே அவள் அப்பா ஏகநாதன், வேட்டி மடிப்புக் கலையாமல், குரல் மட்டும் கலைந்து, "கல்யாண ப்ரோக்கர், கார் இருக்கிற வீடுன்னு சொல்லி வச்சுட்டான் சார். வாசல் காலியா இருந்தா என்ன நெனப்பாங்க?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்றால், முடியாது என்றால் ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்பதற்கு அவரிடம் இருப்பது ஒரே பதில், அந்தப் பதிலைப் பெண்டாட்டியிடம்கூட அவர் சொன்னதில்லை. இருட்டினால் கண் தெரியாது. இவ்வளவுதான், சின்ன வாக்கியம், வாயைத் திறந்தால் வெளியே விழுந்துவிடும். புரை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா முத்திப் போச்சுங்க, ரெண்டு கண்ணும் ஆபரேஷன் பண்ணிக்கணும், ஒரு மாசம் வண்டியே தொடக் கூடாது" என்று ஏதோ கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறவர் மாதிரி சந்தோஷமாகச் சொன்னார். ஒரு மாசம் தொடாவிட்டால் ஷீபா வேறு ஆளைத் தொட்டுவிடுவாள். ஷீபா என்பது லீசிங் கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு இவரைப் போலப் பத்துப் பேரை ஊர் முழுக்க ஓட்டுகிற பெண், நேரில் பார்த்ததில்லை, குரல்தான், "அண்ணா, ஸ்டேட்டஸ் போடுங்கண்ணா", "அண்ணா, எட்டு மணிக்கு யார்டு கேட்டை மூடிடுவாங்கண்ணா, இன்னிக்குத் தேதியில ரிட்டர்ன் விழலைன்னா கஸ்டமருக்கு இன்னொரு மாச வாடகை பிடிச்சிடுவாங்கண்ணா", அந்த அண்ணாவில் பாசம் ஒரு சொட்டுக் கிடையாது, கமா மாதிரி போடுவாள். வண்டியை யார்டில் விட்டால்தான் அன்றைய கூலி. சம்பளமும் இல்லை, லீவும் இல்லை, ஒப்பந்தம். இந்தக் காருக்கு எப்படியோ இவருக்கும் அப்படியே, வேலைக்கு வேண்டியவரை வைத்துக்கொள்வார்கள், பிறகு யார்டு.

நாலு மணிக்கு வந்திருந்தால் சரியாகத்தான் போயிருக்கும். மேம்பாலம் இறங்குகிற இடத்தில் ஏதோ லாரி நின்றுவிட்டதாம், அவர்கள் தெருமுனைக்கு வந்து சேரும்போது நாலரை தாண்டிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் ஆரம்பம். பெண் வீட்டார் பார்க்கவில்லை, ப்ரோக்கர் பார்க்கவில்லை, காலண்டர் சமையலறைச் சுவரில் பல்லியோடு தொங்கிக்கொண்டிருக்கிறது, ஒருத்தர் திரும்பிப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் காரிலிருந்தே போன் செய்தாளாம், "வாசல்படி தாண்ட மாட்டோம், தப்பா எடுத்துக்காதீங்க, ஆறு மணிக்கு வந்துடறோம்." எங்கே போய்விட்டு ஆறு மணிக்கு வருவது, தாம்பரம் போய்த் திரும்ப முடியுமா, ஆகவே தெருமுனையில் வேப்பமரத்தடியில் காரை ஓரங்கட்டி உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். அந்த முனையில் அந்தச் சாம்பல் கார், இந்த முனையில் இந்த வெள்ளைக் கார். அங்கே மூன்று பேர் ஏசி போட்டுக்கொண்டு ராகு போகக் காத்திருக்கிறார்கள், இங்கே ஒருத்தர் ஏசி போடாமல் வெளிச்சம் போய்விடுமோ என்று காத்திருக்கிறார். நடுவில் ஒரு நாய் நிம்மதியாகப் படுத்திருக்கிறது.

கண்ணை மூடினால் நன்றாக இருக்கிறது. மூடினால் குரல்கள் வந்துவிடும், அதுதான் தொந்தரவு. சிகாமணிக்குச் சின்ன வயசிலிருந்து இந்த வியாதி, காதில் விழுந்த குரல் வெளியே போகாது, உள்ளேயே குடித்தனம் நடத்தும். இருபத்தைந்து வயதில் கார் லோன் விற்கிற ஏஜெண்டாகச் சேர்ந்தபோது, ஒரு தீபாவளிக்கு முதல் நாள் மேனேஜர் குரலில் இன்டர்காமில், "ஸ்டாஃப் எல்லாரும் மத்தியானமே கிளம்பலாம், ஹேப்பி தீபாவளி" என்று சொல்லி மொத்த பிராஞ்சையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார், நிஜ மேனேஜர் பாத்ரூமிலிருந்து வந்து பார்த்தால் மின்விசிறிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. அடடா, அந்தச் சிகாமணி எங்கே. ஷோரூம் மூலையில் பிளாஸ்டிக் நாற்காலி, அதுதான் அவர் ஆபீஸ். அப்போதெல்லாம் லோன் வாங்க வருகிறவர் மொத்தக் குடும்பத்தோடு வருவார், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கையெழுத்துப் போடுவார், மூன்று வருஷத்தில் முடித்துவிட்டு, "தம்பி, கார் இனிமே என்னுது" என்று லட்டு கொண்டுவந்து தருவார். பிறகு லோன் ஐந்து வருஷமாயிற்று. பிறகு ஏழு. காருக்கு வயசாகி மூட்டு வலி வந்துவிடும், லோன் மட்டும் வாலிபமாக இருக்கும். லட்டு கொண்டுவருகிற ஆட்கள் நின்றுபோனார்கள். அப்புறம் ஒருநாள் ஹோட்டலில் பயிற்சி என்று கூப்பிட்டுக் கோட்டு போட்ட பையன் ஒருத்தன், "சார், சொந்தம் என்பது உங்க தலைமுறை, பயன்பாடு என்பது எங்க தலைமுறை. யாருக்கு சார் வேணும் வண்டி? போய்ச் சேரணும், அவ்வளவுதான்" என்று மைக்கைக் கடித்தான், எல்லாரும் கைதட்டினார்கள், மத்தியானம் பிரியாணி போட்டார்கள். அதிலிருந்து லீஸ். மாச வாடகையைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள், வரியும் மிச்சம், இன்ஷூரன்ஸ் அவர்களே, சர்வீஸ் அவர்களே, முடிந்ததும் திருப்பிக் கொடு, புதுசை எடு. கோட்டுப் பையன் சொல்லாத ஒன்று உண்டு, திருப்பிக் கொடுக்கிற அன்றைக்கு வீட்டில் என்ன நடக்கும் என்பது. அது சிகாமணிக்குத்தான் தெரியும். சொந்தமில்லை என்று கையெழுத்துப் போட்ட காருக்குத்தான் எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள், திருஷ்டி கட்டுவார்கள், குழைத்த சந்தனத்தால் பானட்டில் பொட்டு வைத்து அது பெயிண்டைத் தின்றிருக்கும். ஆழ்வார்திருநகரில் ஓர் அம்மா வண்டி கிளம்பும்போது ஆரத்தி எடுத்து அழுதாள். ஒரு பொடியன் பின்சீட்டில் படுத்துக்கொண்டு, "நானும் யார்டுக்குப் போறேன்" என்றான். "சார், அந்தக் கீறல் மொதல்லேர்ந்தே இருந்துச்சு சார்", இதை எல்லாரும் சொல்வார்கள், எல்லாருடைய குரலும் இவர் தொண்டையில் இருக்கிறது.

கறுப்புச் சட்டை. இதோ வந்துவிட்டது. எதை நினைத்தாலும் சுற்றிக்கொண்டு அங்கேதான் போய் முட்டும். போன வாரம் கிளாம்பாக்கம் தாண்டி, யாருடைய காரையோ யார்டுக்கு ஓட்டிக்கொண்டு போனபோது, மழை விட்டிருந்தது, எதிரே வந்த விளக்கு ஒன்று பத்தாகி, பத்தும் துடைப்பக்குச்சி மாதிரி சிதறி, அந்தச் சிதறலுக்குள் ஏதோ அசைந்தது. பிரேக்கை மிதித்தாரா, கால் தானாகப் போயிற்றா. ஜன்னலோரம் ஒரு கறுப்புச் சட்டை, முகம் தெரியவில்லை, முகம் இருந்ததா என்றே தெரியவில்லை, "கண்ணு அவிஞ்சா போச்சு?" என்ற குரல் மட்டும். ஆமாம் என்று சொல்லத் தோன்றியது. ஆமாம் தம்பி, அவிஞ்சுதான் போச்சு, நீ எப்படிக் கண்டுபிடிச்சே? ஓரமாக நிறுத்தி வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. அந்தக் குரல் மட்டும் இவருக்குள் குடித்தனம் வரவில்லை, வாசலிலேயே நின்று கத்திக்கொண்டிருக்கிறது. அரை அடி. அந்தப் பக்கம் அரை அடி போயிருந்தால் அவன் வீட்டில் இந்நேரம், வேண்டாம். வெளிச்சம் இருக்கிறது. இன்னும் இருக்கிறது. மாடித் துணிகளின் நிறம் தெரிகிறதா, தெரிகிறது, அது நீலம், அது, அதுவும் நீலம்தான், இல்லை பச்சையா.

கண்ணாடியில் தட்டினார்கள். தூக்கிவாரிப் போட்டது. முழுக்கைச் சட்டையை முழங்கைவரை சுருட்டிய ஒரு பையன், முப்பது இருக்கும், நெற்றியில் விபூதி கலையாமல். "அங்கிள், பக்கத்துல டீக்கடை எங்க இருக்கு?" மாப்பிள்ளையேதான், வேப்பமரத்தடியிலிருந்து நடந்து வந்திருக்கிறான். பதில் சொல்வதற்குள் கேட்டைத் தள்ளிக்கொண்டு ஏகநாதன் ஓடிவந்தார், ஓடி வந்தது தெரியக் கூடாது என்று கடைசி நாலடி நடந்தார். "வாங்க தம்பி, வாங்க. இவரு நம்ம ஒண்ணுவிட்ட தம்பி, சிகாமணி. வண்டியில என்னமோ சத்தம் வருதுன்னு பாத்துட்டிருக்கார்." அப்படியா, என்று சிகாமணி தன்னைப் பற்றித் தானே தெரிந்துகொண்டார். "அப்ப அவங்களுக்குச் சித்தப்பா. வணக்கம் சித்தப்பா, நான் தினகர்." "உள்ள வந்து டீ சாப்பிடலாமே தம்பி?" "ஐயையோ, ராகு காலம் அங்கிள், அம்மா என்னைக் கொன்னுடுவாங்க. நான் உங்களைப் பாக்கல, நீங்க என்னைப் பாக்கல. காம்பவுண்டுக்கு வெளிய நின்னா கணக்குல வராதுன்னு வச்சுப்போம்." ஏகநாதன் சிரித்து, வேர்த்து, சிகாமணியைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார். பையன் போகவில்லை. காரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். பேச ஆள் கிடைக்காதவன் மாதிரி இருந்தது. "நல்லா வச்சிருக்காங்க சித்தப்பா வண்டியை. ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? எங்கப்பா வந்து நின்னதுமே நம்பரைப் போன்ல போட்டுப் பாத்துட்டார். ஓனர் பேரு ஏதோ கம்பெனின்னு வருதாம். அதுலேர்ந்து அம்மா காதுல ஓதிட்டே இருக்கார்."

ஒரு நொடி. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் குரலில் பேசியே பிழைத்தவருக்கு இப்போது எந்தக் குரலை எடுப்பது என்று தெரியவில்லை. லோன் ஏஜெண்டுக் குரல் தேனாக வரும், அதில் பேசினால் பையன் மொத்தமாக மயங்கிவிடுவான். யார்டுக் குரலில் பேசினால், இன்னிக்கு ரிட்டர்ன் தம்பி, நான் கம்பெனி ஆளு, என்று ஒரே வாக்கியத்தில் எல்லாம் முடிந்துவிடும், மாப்பிள்ளை வீடு கிளம்பிவிடும், வெளிச்சம் இருக்கும்போதே இவரும் கிளம்பலாம். எவ்வளவு சுலபம். கிளம்பலாம். அந்த ஒற்றை ஜிமிக்கி கண்ணில் வந்து நின்றது. "அவ ஆபீஸ் மூலமா எடுத்த வண்டி தம்பி" என்றார், சித்தப்பாக்களின் அலுத்த குரலில், "சம்பளத்துல பிடிச்சுப்பாங்க. இப்பல்லாம் அப்படித்தானே." பொய் இல்லை. பாதியை விழுங்கியது பொய்யாகுமா. அவள் வேலை போய் இரண்டு மாசம் ஆகிறது என்பதும், அதனால்தான் ஒப்பந்தத்தைப் பாதியில் முறிக்கிறார்கள் என்பதும் மறு பாதி. தினகர் தலையாட்டினான். "அதான் நானும் அப்பாகிட்ட சொன்னேன். அதுதான் புத்திசாலித்தனம். அந்தா நிக்குது பாருங்க எங்க வண்டி, ஏழு வருஷ லோன். அதுல சைலன்ஸர் மட்டும்தான் இப்போதைக்கு என்னுது, மத்ததெல்லாம் பேங்குக்கு." சிகாமணிக்குச் சிரிப்பு வந்தது, நெஞ்சிலிருந்து இல்லை, வயிற்றுக்கும் கீழே எங்கிருந்தோ களைப்போடு வந்தது. "டீக்கடை அந்தப் பக்கம், தம்பி. இஞ்சி போடச் சொல்லு." பையன் நடந்து போனான். போகப் போகச் சட்டையின் நிறம் மங்கியது. நிறம் மங்கியதா, கண் மங்கியதா.

ஆறு மணிக்குத் தெருவிளக்கு எரிந்தது, அவ்வளவுதான், முடிந்தது. விளக்கைச் சுற்றி ஒரு பெரிய பஞ்சுருண்டை. சாம்பல் கார் மெதுவாகத் தெருவுக்குள் வந்து வெள்ளைக் காருக்குப் பின்னால் நின்றது, பட்டுப் புடவையின் சரசரப்பு, "வாங்க வாங்க", செருப்புகள், தட்டில் பழம் உருளுகிற சத்தம், எல்லாம் காதுக்கு வந்து சேர்ந்தன, கண்ணுக்கு வந்தவை உருவங்கள்தான். கூடத்தில் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். கிளம்பிவிடலாமா. வாசலில்தான் இன்னொரு கார் இருக்கிறதே, அவர்களுடையது, அது போதாதா. சாவியைத் திருகினார். விளக்கைப் போட்டார். தெருவுக்குள் ஒரு பைக் நுழைந்தது, ஒற்றை விளக்கு, அது வெடித்து, கிளை பிரிந்து, காரின் முன்கண்ணாடி முழுக்கப் படர்ந்தது, அதற்கு நடுவில் யார், நாயா, குழந்தையா, கறுப்புச் சட்டையா. பைக் எங்கோ பக்கத்தில் நின்று, அதிலிருந்து ஒரு பையன் விசிலடித்துக்கொண்டு இறங்கினான். ஒன்றும் இல்லை. நடுவில் யாருமே இல்லை. இன்ஜினை அணைத்தார். வண்டலூர்வரை இப்படி எத்தனை விளக்கு. இங்கேயே இருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு மாச வாடகை நஷ்டம், இவருக்கு ஷீபா நஷ்டம். போனால் யாரோ ஒருத்தருக்கு எல்லாமே நஷ்டம். போன் அடித்தது. "அண்ணா, இன்னும் கேட் என்ட்ரி வரலயேண்ணா?" "வர்றேம்மா" என்றார். எப்படி வருவார் என்று அவள் கேட்கவில்லை, கேட்பது அவள் வேலையில் இல்லை.

வாசலில் பேச்சுச் சத்தம். மாப்பிள்ளையின் அப்பாவாக இருக்க வேண்டும், மூக்கால் பேசுகிற குரல், "பேசிக்கட்டும் பேசிக்கட்டும், இந்தக் காலத்துப் பிள்ளைங்க. மொட்டை மாடியில கொசு. கார்ல ஒரு ரவுண்டு போயிட்டு வரட்டுமே, பொண்ணு ஓட்டுவான்னு சொன்னீங்களே. சித்தப்பாதான் கூட இருக்காரே." வான்மதி படியிறங்கி வந்தாள், இப்போது இரண்டு காதிலும் ஜிமிக்கிச் சத்தம், ஜன்னல் பக்கம் குனிந்தாள், மல்லிகை வாசனை முதலில் வந்தது. "சார்" என்றாள் மெதுவாக, "நாங்க சும்மா கோயில்வரைக்கும் போற மாதிரி போயிட்டு வந்துடறோம். அப்புறம் நீங்க எடுத்துட்டுப் போயிடுங்க. எட்டு மணிக்குள்ள போயிடலாம்ல?" சிகாமணி அவள் முகத்தைப் பார்த்தார், முகம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். அந்தச் சின்ன வாக்கியம் வெளியே விழுந்தது. "என்னால போக முடியாதும்மா. இருட்டினா எனக்குக் கண்ணு தெரியாது. புரை. யார்கிட்டயும் சொன்னதில்ல, கம்பெனிக்கும் தெரியாது." எந்தக் குரலில் சொன்னார் என்று அவருக்கே அடையாளம் தெரியவில்லை. அவள் குனிந்தபடியே இருந்தாள். தினகர் அந்தப் பக்கக் கதவைத் திறந்துகொண்டிருந்தான். "அப்ப முதல்லயே ஏன் சொல்லல?" என்று கேட்டாள். கோபமாக இல்லை. "நீ மட்டும் சொன்னியாம்மா?" என்றார் அவர். அதுவும் கோபமாக இல்லை. அவள் நிமிர்ந்தாள், கதவைத் திறந்தாள். "சித்தப்பா, நீங்க பின்னாடி உக்காருங்க."

பின்சீட்டு. யாரோ ஓட்ட, தான் பின்சீட்டில் உட்கார்ந்து எத்தனை காலம் ஆயிற்று. எவர் வீட்டுக் காராக இருந்தாலும் பின்சீட்டுக்கு ஒரே மெத்தைதான், உடம்பு தானாகச் சரிந்தது. அவள் நன்றாக ஓட்டினாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குழி வரும் முன்பே வேகம் குறைத்து. தெருமுனையில் கோயிலுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். வண்டி வலது பக்கம் திரும்பியது. எதிர் விளக்குகள் வந்தன, பிளந்தன, சிதறின, சிதறட்டும், அவை இப்போது அவருடையவை இல்லை. "ரவுண்டு கொஞ்சம் பெரிசா இருக்கே?" என்றான் தினகர். "வண்டலூர்வரைக்கும்" என்றாள் வான்மதி. "திரும்பி வரும்போது ஆட்டோவுல வரணும், பரவாயில்லயா?" "ஆட்டோவா? ஏன்?" சிக்னலில் வண்டி நின்றது. அவள் கியரை நியூட்ரலுக்குத் தள்ளுகிற சத்தம் கேட்டது. "ஏன்னா இந்த வண்டி இன்னிக்கு ரிட்டர்ன். எனக்கு வேலை போயிடுச்சு, ரெண்டு மாசமாச்சு. வீட்டுல சொல்ல வேணாம்னாங்க. பின்னாடி இருக்கிறவர் எங்க சித்தப்பா இல்ல, வண்டியை எடுத்துட்டுப் போக வந்தவர். எங்களுக்காக மூணு மணியிலேர்ந்து உக்காந்திருக்கார்." முன்சீட்டில் ஒரு தலை, அசையவில்லை. சிகாமணி காதைத் தீட்டிக்கொண்டார். முகம் தெரியாவிட்டால் என்ன, குரல் வரட்டும், ஒரு சொல் வந்தால் போதும், அது கோபமா, ஏமாற்றமா, மரியாதைக்காக மூடி வைத்ததா என்று பிரித்துச் சொல்லிவிடலாம், அவருக்கு அது தொழில். பச்சை விழுந்தது. வண்டி நகர்ந்தது. தினகரின் போன் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுத்தான். மூக்குக் குரல் ஏதோ கேட்டது. "ஆமாப்பா" என்றான் அவன், "பேசிட்டுதான் இருக்கோம். நேரமாகும். நீங்க காத்திருக்காதீங்க, வீட்டுக்குப் போங்க. நான் வந்துக்கறேன்." போனை மடியில் கவிழ்த்து வைத்தான். சிகாமணி அந்தக் குரலைத் தனக்குள் எடுத்து, புரட்டி, எந்தக் கஸ்டமர், எந்த மேனேஜர், எந்த மாப்பிள்ளை என்று தேடிப் பார்த்தார். எங்கும் இல்லை. தேடத் தெம்பும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டார். முன்னால் பையன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி, அந்த வேலை என்ன வேலை, ஏன் போச்சு, மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றான். அவள் சொல்ல ஆரம்பித்தாள்.